ஊன்போலியும் முழுவுணவும்

சென்ற லெந்து நாட்களில் நம் விடுதி மாணவர் எண்மர் கூடி ஒரு நோன்பு மேற்கொண்டோம். அந்நாட்களில் ஊனை விடுதல் நம்மவரிடைப் பழைய வழக்கமே. ஆயின், மலையாள நாட்டுச் சிரியக் கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுதற் பெருநாளுக்கு முந்திய ஐம்பது நாளும் ஊன், மீன் என்பவற்றோடு முட்டை, பால், நெய் ஆகியவற்றையும் விலக்கி நோற்பர் என்று எங்களுள் ஒருவர் கூறக் கேட்டு, அவ்வளவும் விடுவோம் என்று துணிந்தோம். முதல் வாரம் எளிதாகவே கழிந்தது. இரண்டாம் வாரத்துப் புதன்கிழமை ஏனையோர்க்கு ஆட்டிறைச்சிக் குழம்பு வார்க்கப்பட்டது. எங்கள் எண்மர்க்கும் சமையற்காரர் மிக்க அன்போடு தனியே ஒரு குழம்பு ஆக்கிக் கொணர்ந்தார். அதே பட்டை, அதே கிராம்பு, அதே தேங்காய். நடுவே பஞ்சு போன்ற உருண்டைகள். மெல்ல மெல்ல அவை நார் நாராகப் பிரிந்தன. இருமுறை கேட்டு வாங்கி உண்டோம். கை கழுவும்போது, சாமளாபுரத்திலிருந்து வந்து பயிலும் என் தோழர், "நாம் விட்டது எதை? ஆட்டையா, ஆட்டுச் சுவையையா?" என்று கேட்டார். எல்லோரும் நகைத்தோம்.

அவர் விளையாட்டாக எழுப்பிய அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. நோன்பைப் பற்றிய ஐயம் ஒருபுறம் நிற்க, உணவைப் பற்றிய ஐயம் ஒன்றும் அதனுள் அடங்கியிருந்தது. விலங்கினின்று பெறும் உணவனைத்தையும் ஒருவன் விட்டான் எனின், விட்ட இடத்தை எதனால் நிரப்புவான்? ஆலையில் ஆக்கிய ஊன்போலியாலோ, நிலத்தில் விளைந்தவாறே வரும் பயறு, கூலம், காய், கொட்டை என்பவற்றாலோ? யான் தமிழ் படிப்பவன். உணவு நூல் வல்லான் அல்லன். எனினும் உண்பவன் என்ற முறையில் இவ்வினாவை ஆராயும் உரிமை எனக்கும் உண்டென்று கருதி எழுதத் துணிந்தேன்.

முதற்கண் சொற்களைக் கவனிப்போம். பழந்தமிழ் நூல்களிற் 'கறி' என்பது மிளகைக் குறித்தது. பின்னர் அது காரமிட்டுச் சமைத்த துணையுணவுகட்கெல்லாம் பெயராயிற்று. இன்று கொங்கு நாட்டில் வேறு அடையின்றிக் கறி என்றால் ஆட்டிறைச்சி என்பதே பொருள். காயைக் குறிக்க வேண்டின் 'மரக்கறி' என்று அடை கொடுத்தல் வேண்டும். ஒரு கொடியின் காய்க்குரிய பெயரை விலங்கின் தசை கவர்ந்துகொண்டது! இன்று மரக்கறியில் ஆகிய ஒன்று தசையின் பெயரைக் கவர முயல்கின்றது என்றால், அதனைப் பழிக்குப் பழி என்றே கொள்ளலாம் போலும். 'சைவம்' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. ஒரு சமயத்தின் பெயராகிய அது, ஊனில்லா உணவின் பெயராகிக் கிறிஸ்தவ இல்லங்களிலும் தயக்கமின்றி வழங்குகின்றது. பாலும் நெய்யும் சைவத்துள் அடங்குமாதலின், அவற்றையும் விலக்கிய உணவிற்கு 'நனிசைவம்' என்று இக்காலத்தார் ஒரு பெயர் படைத்துள்ளனர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'வீகன்' என்னும் சொல் 1944-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்திலே டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர் சிலரும் கூடிய காலத்துப் பிறந்தது. நம் திருவள்ளுவர் புலான்மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தனராயினும், ஆண்டுப் பாலை விலக்குக என்றாரல்லர்.

திருமறையில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. பாபிலோன் அரசன் அளித்த உணவால் தம்மைத் தீட்டுப்படுத்தலாகாது என்று துணிந்த தானியேலும் அவர் தோழர் மூவரும் பத்து நாள் மரக்கறியும் தண்ணீருமே உண்டு, அரசவுணவு உண்டவரினும் செழுமையாகத் தோன்றினர் என்பது தானியேல் ஆகமத்து முதலதிகாரச் செய்தி. அவ்விடத்து எபிரேய மூலத்தில் நிற்கும் 'செரோயிம்' என்னும் சொல் விதை என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. விதைத்து விளைந்தன என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழ் வேதாகமம் பருப்பை முன்வைத்துக் கூறியது மிகப் பொருத்தமே. அரசனுடைய இறைச்சியைப் போலவே சுவைக்கும் ஒன்றைச் செய்து தருக என்று தானியேல் அக்காப்பாளனைக் கேட்டதாக எழுதப்படவில்லை என்பதையும் என் தோழர் எடுத்துக் காட்டினார்.

நிற்க. எங்கள் கிண்ணத்தில் விழுந்த அவ்வுருண்டை யாது? கடைத்தெருவில் 'மீல்மேக்கர்' என்றும் 'சோயா உருண்டை' என்றும் அது வழங்குகின்றது. சோயா என்பது சீன நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய ஒரு மொச்சையினம். நம் நாட்டில் இன்று மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராசத்தான் ஆகிய இடங்களிற் பேரளவில் விளைகின்றது. ஆலையில் அதன் தோலை நீக்கித் தகடாக நசுக்கி, ஹெக்ஸேன் என்னும் கரைப்பானைக் கொண்டு எண்ணெய் முழுவதையும் எடுத்துவிடுவர். எஞ்சுவது எண்ணெயற்ற மாவு. தெளிவாகச் சொன்னால் பிண்ணாக்கு. அம்மாவை நீரோடு பிசைந்து, சுழலும் திருகையுடைய இயந்திரத்துட் செலுத்தி, மிக்க வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் சிறு துளை வழியே பிதுக்குவர். அழுத்தம் நீங்கியவுடன் உள்ளிருந்த நீர் ஆவியாய் வெடித்து வெளியேற, மாவு நுரைத்துப் பஞ்சாகி, புரதம் நார்போல் ஒழுங்குபடும். அதனை உலர்த்திப் பையிலிடின் மீல்மேக்கர் ஆயிற்று. அமெரிக்க நாட்டு ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்டு நிறுவனத்தைச் சார்ந்த வில்லியம் அட்கின்சன் என்பார் 1970-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இவ்விடத்துச் சாமளாபுரத்தை நினைவுகூர்தல் வேண்டும். நொய்யலாற்றின் கரையில், சோமனூர்க்கும் திருப்பூர்க்கும் இடையே, விசைத்தறிகளின் ஓசை ஓயாத பேரூர் அது. பல்லடம் வட்டத்தைச் சார்ந்தது. அவ்வட்டம் தறிக்கு எவ்வளவு பெயர் பெற்றதோ அவ்வளவு கறிக்கோழிக்கும் பெயர் பெற்றது. பண்ணைக் கோழியின் விலை பல்லடத்திலிருந்தே நாள்தோறும் அறிவிக்கப்படுகின்றது. அக்கோழிகள் உண்பன யாவை? பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். வடநாட்டு வயலில் விளைந்து எண்ணெய் நீக்கப்பட்ட ஒரே மாவு, ஒரு வழியிற் கோழியின் வயிற்றுட் புகுந்து இறைச்சியாய் வெளிப்படுகின்றது. மற்றொரு வழியில் இயந்திரத்தின் வயிற்றுட் புகுந்து இறைச்சி போன்றதாய் வெளிப்படுகின்றது. கோழி ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம் வேண்டும். அவ்வெடையிலும் இறகும் எலும்பும் குடலும் கழிவனவே. இயந்திரமோ இட்ட மாவை ஏறத்தாழ அவ்வாறே திருப்பித் தருகின்றது. கோழியின் துன்பத்தை ஒதுக்கி வைத்துக் கணக்கு மட்டும் பார்ப்பினும், ஊன்போலி ஊனைவிடச் சிக்கனமானது என்பதை மறுத்தல் இயலாது. இதனை யான் முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன்.

ஊன்போலி புதியதும் அன்று. சீன நாட்டுப் பௌத்தர்கள் கோதுமை மாவைப் பிசைந்து நீரிற் கழுவி, மிஞ்சும் பசையைத் தசைபோற் சமைத்தல் நெடுங்கால வழக்கம். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழரும் அதனை வாங்கி ஆட்டிறைச்சிக் குழம்பின் முறையிற் சமைக்கின்றனர். அமெரிக்காவில் ஏழாம் நாள் வருகைச் சபையைச் சார்ந்து வளர்ந்த மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக் 1896-ஆம் ஆண்டளவில் நிலக்கடலையைக் கொண்டு 'நட்டோஸ்' என்னும் ஊன்போலியை ஆக்கி விற்றார். மைசூரில் 1950-இல் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் எண்ணெய் நீக்கிய கடலைமாவு மூன்று பங்கும் வறுத்த கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கும் கலந்து, உயிர்ச்சத்துக்களும் சேர்த்து, வறியவர்க்கெனப் பல்நோக்கு உணவு ஒன்று அமைத்தனர்; அஃது எதனையும் போலச் சுவைக்க முயலவில்லை. இந்நூற்றாண்டிலோ, 2009-இல் தோன்றிய பியாண்டு மீட், 2011-இல் தோன்றிய இம்பாசிபில் புட்ஸ் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் குருதி கசிவது போன்ற தோற்றமும் உடைய அடைகளை விற்கத் தொடங்கின. இம்பாசிபில் நிறுவனத்தார் சோயாவின் வேர்முடிச்சில் உள்ள செம்பொருளை நொதியத்தைக் கொண்டு வளர்த்து, அதனால் ஊனின் நிறமும் மணமும் ஊட்டுகின்றனர். நம் நாட்டில் 2016-இல் உதயப்பூரில் தோன்றிய குட்டாட் நிறுவனமும் இத்தொழிலில் இறங்கிற்று. நனிசைவ உணவுக்கெனத் தனி விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டது. கோவை நகரத்துத் தள்ளுவண்டிகளில் 'காளான்' என்று விற்கப்படுவதிற் பெரும்பகுதி முட்டைக்கோசே என்பதை அறிந்தவர்க்கு, போலியுணவு மேனாட்டார்க்கே உரிய கலை என்று தோன்றாது.

இனி, நம் நாட்டிலே நிகழ்ந்த ஒரு வழக்கினைக் கூறுவேன். இவ்வாராய்ச்சிக்கு அதுவே மிக அணியது. காந்தியடிகள் 1912-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். நனிசைவம் என்னும் சொல் பிறவாத காலத்தே நனிசைவராக வாழ முயன்றவர் அவர். 1918-இல் கடும்நோய் வந்து மெலிந்தபோதும் உறுதி தளராதிருந்து, இறுதியில் 1919-இல் ஆட்டுப்பால் கொள்ள இசைந்தார். பாலுக்கு ஈடான ஒரு நிலைத்திணை உணவைக் காண வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இறுதிவரை இருந்தது. 1935-இல் வார்தா நகரத்து மகன்வாடியில் சோயா மொச்சையை உணவிற் சேர்த்துச் சோதித்து, அதனைப் பற்றி 'அரிசன்' இதழில் எழுதினார். அவர் சோதித்தது முழு மொச்சை. ஊறவைத்து வேகவைத்து உண்பது.

அம்மகன்வாடியில் அப்போது அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர் ஜே. சி. குமரப்பா. இவர் 1892-இல் தஞ்சையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, இலண்டனிற் கணக்கியலும் அமெரிக்காவிற் பொருளியலும் பயின்று, 1929-இற் காந்தியடிகளைக் கண்டபின் தம் வாழ்வையே மாற்றிக்கொண்டவர். நம் கல்லூரிகளில் இவர் பெயர் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் குறை. அரிசி ஆலை தவிட்டைக் களைந்து வெள்ளரிசி தருவதையும், சருக்கரை ஆலை வெல்லத்தை ஒழிப்பதையும், எண்ணெய் ஆலை செக்கை நிறுத்துவதையும் இவர் ஒரே நோயின் குறிகளாகக் கண்டார். உணவின் ஊட்டமும் ஊரின் தொழிலும் ஒரே வேளையில் ஆலைக்குப் போகின்றன என்பது இவர் கண்ட பொருளியல்.

அக்காலத்தே வந்தது வனஸ்பதி. நிலைத்திணை எண்ணெயில் நீரகத்தை ஏற்றி உறையச் செய்து, நெய்யின் நிறமும் மணலும் தோன்ற ஆக்கிய பொருள் அது. 1937-இல் 'டால்டா' என்னும் பெயரால் நாடெங்கும் பரவிற்று. விலங்கின் உணவை நிலைத்திணையாற் போலி செய்த முதற் பெருந்தொழில் நம் நாட்டில் இதுவே என்று சொல்லலாம். காந்தியடிகளும் அவர் வழியினரும் இதனை வன்மையாக எதிர்த்தனர். நெய்யிற் கலந்து விற்கும் வஞ்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டி, வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு பின்னர் விதித்தது. நல்லெண்ணெயை ஒரு வேதியியற் சோதனையால் எளிதிற் காட்டிவிடலாம் ஆதலின். நம் நல்லெண்ணெய் இங்ஙனம் ஒற்றனாகவும் பணி புரிந்தது. எதிர்த்தவரிற் பலர் கலப்படத்தையே அஞ்சினர். உண்மைத் தீங்கு வேறிடத்தில் இருந்தது: எண்ணெயை உறையச் செய்யுங்கால் தோன்றும் மாறுபக்கக் கொழுப்பு இதய நோயை வளர்ப்பது என்பது அரை நூற்றாண்டுக்குப் பின்னரே ஐயமறத் தெளிவாயிற்று. 2022-ஆம் ஆண்டு சனவரி முதல் நம் நாட்டில் அக்கொழுப்பு எண்ணெய்களில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு போலியுணவைத் தாய்மார் எண்பது ஆண்டுக்கு மேலாகச் சமைத்த பின்னரே அதற்கு இவ்வெல்லை வகுக்கப்பட்டது என்பதை நினைக்குங்கால், புதிய போலிகளின்பால் ஓரளவு ஐயம் கொள்ளுதல் அறியாமை ஆகாது.

ஆயினும் இவ்விடத்து என் தோழர் ஒரு தடை நிகழ்த்தினார். "ஆலை தொட்டதெல்லாம் தீது எனின், புழுங்கலரிசியும் தீதாகுமே" என்றார். நல்ல தடை. நெல்லைப் புழுக்குதலும் ஒரு பதப்படுத்தலே. அதனால் தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊறிச் செல்ல, பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி நிலைக்கின்றது. பச்சரிசியைத் தீட்டி உண்ட இடங்களிற் பெரிபெரி நோய் மிக்கிருந்ததும், புழுங்கலரிசி உண்ட இடங்களில் அது குறைந்திருந்ததும் இதனாலேயே. அந்நோயை ஆராயவே 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் நம் குன்னூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் விளங்குகின்றது. மெக்காரிசன் குன்னூரில் எலிகளுக்கு இந்திய நாட்டுப் பல பகுதி மக்களின் உணவுகளைப் பிரித்தூட்டிப் பார்த்தார். முழுக்கோதுமை, பருப்பு, காய், பால் என்பன அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியே மிக்க சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன. பிறிதொருமுறை வெள்ளை ரொட்டி, போலி வெண்ணெய், தகரத்திலடைத்த இறைச்சி, பழப்பாகு, இனிப்பிட்ட தேநீர் என்னும் ஆங்கில ஏழையர் உணவையும் ஊட்டினார், அவையும் நலிந்தன. சீக்கியர் உணவிற் பால் உண்டாதலின் இது நனிசைவத்துக்குச் சான்றாகாது, முழுவுணவுக்குச் சான்றாகும்.

ஆகவே, பதப்படுத்தல் என்னும் ஒரு சொல்லால் எல்லாவற்றையும் அடக்குதல் தகாது. ஊறவைத்தல், முளைகட்டல், புளிக்கவைத்தல், புழுக்குதல், வறுத்தல் என்பன பொருளின் உருவைச் சிதைப்பினும் ஊட்டத்தைப் பெருக்குவன. பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்துக் கார்லோஸ் மான்டேரோ 2009-ஆம் ஆண்டு முதல் உணவுகளைப் பதப்படுத்தலின் அளவும் நோக்கமும் பற்றி வகுத்து, வீட்டு அடுக்களையில் இல்லாத பொருள்களைக் கொண்டு ஆலையில் உருவாக்கப்படுவனவற்றை மிகைப்பதவுணவு என்றார். அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிலையத்திற் கெவின் ஹால் என்பார் 2019-இல் இருபது பேரை ஒரு திங்கள் உடன்வைத்து, இரண்டு வாரம் மிகைப்பதவுணவும் இரண்டு வாரம் எளிய உணவும் வேண்டுமளவு உண்ணச் செய்தார். முன்னதை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர், எடையும் கூடினர். மென்மையும் விரைவுமே காரணம் என்று ஐயுறுவர்.

ஆயின் அச்சோதனையில் ஊட்டப்பட்டவை ஊன்போலிகள் அல்ல. ஊன்போலியையே எடுத்துச் சோதித்தது 2020-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு. முப்பத்தறுவர் எட்டு வாரம் இறைச்சியும் எட்டு வாரம் ஊன்போலியும் உண்டனர். ஊன்போலி உண்ட காலத்தில் தீய கொழுப்பும் உடல் எடையும் குறைந்தன. அச்சோதனைக்குப் பொருளுதவி புரிந்தது அவ்வூன்போலி நிறுவனமே என்பதை மறைக்காமல் அவர்களே எழுதினர். யான் கொள்வது இது: அவ்வூன்போலி இறைச்சியோடு நிறுத்திப் பார்க்குங்கால் வென்றது, பயற்றோடு நிறுத்திப் பார்க்கப்படவில்லை. நம் வினாவோ பயற்றோடு நிறுத்துவது.

நிறுத்திப் பார்ப்போம். நூறு கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் ஏறத்தாழ 52 கிராம் புரதம் உண்டு. முழுச் சோயாவில் 36; நிலக்கடலையில் 24; பாசிப்பயற்றிலும் கொள்ளிலும் 22 அளவு; தட்டைப்பயற்றில் 21. எண் ஒன்றையே நோக்கினால் மீல்மேக்கர் முன்நிற்கின்றது, அதன் புரதமும் தரமானதே, நாரும் உண்டு. இழந்தது எண்ணெயையும் அதனோடு கூடிய சத்துக்களையும். உப்பும் கொழுப்பும் நாமே சேர்க்கும்வரை அதில் இல்லை. குருதி கசியும் மேனாட்டு அடைகளோ தேங்காயெண்ணெயும் உப்பும் தம்முள்ளே செறிந்து வருவன. ஆதலின் ஊன்போலி எல்லாம் ஒரு தன்மையன அல்ல. எங்கள் கிண்ணத்து உருண்டை பிண்ணாக்குக்கே நெருங்கிய உறவு, ஏழையது, பகட்டில்லாதது.

பயற்றின் புரதத்தில் ஒரு குறையுண்டு. கந்தகமுடைய ஓர் அமினோ அமிலம் அதிற் குறைவு. அரிசியிலும் சோளத்திலும் லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்துண்டால் ஒன்றன் குறையை ஒன்று நிரப்பும். கொங்கு நாட்டார் அரிசியும் பருப்பும் ஒருங்கே இட்டு ஆக்கும் அரிசிம்பருப்புச் சோறு இதனை எந்த ஆய்வுக்கூடத்தையும் கேளாமல் செய்துவைத்தது. கேழ்வரகோ நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உடையது. பாலை விட்டவனுக்கு அதனினும் நல்ல துணை நம் நிலத்தில் இல்லை. ஆயின் ஒன்று: பி12 என்னும் உயிர்ச்சத்து நிலைத்திணையுணவு எதிலும் போதிய அளவு இல்லை. 1948-இற் பிரித்தறியப்பட்ட இச்சத்தைக் காந்தியடிகள் அறிந்திருக்க வழியில்லை. நனிசைவத்தை நாற்பது நாள் நோற்பவர்க்கு இடரில்லை. வாழ்நாள் முழுதும் நோற்பவர் இச்சத்தை மாத்திரையாகவோ சேர்த்தூட்டிய உணவாகவோ கொள்ளாவிடின் நரம்பு தளரும், குருதி குன்றும். முழுவுணவையே உண்பேன், ஆலைப்பொருள் எதனையும் தொடேன் என்று சூளுரைக்கும் நனிசைவரும் இவ்வொரு ஆலைப்பொருளின் முன் தலைவணங்கியே ஆகவேண்டும்.

நான்காம் வாரத்துச் சனிக்கிழமை என் தோழருடன் சாமளாபுரம் சென்றிருந்தேன். அவர் தாயார் விசைத்தறிக் கூடத்திற் பணி புரிபவர். பன்னிரண்டு மணி நேரப் பணி. நாங்கள் சென்ற வேளையில் இரவுப் பணி முடித்து வந்து அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். மீல்மேக்கரை வெந்நீரில் இட்டுப் பிழிந்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி, கால் மணியில் குழம்பை இறக்கினார். யான் படித்தவனுக்குரிய செருக்கோடு, "கொள்ளு இன்னும் நல்லதுங்களே அம்மா" என்றேன். அவர் சினவாது, "கொள்ளு வேகற வரைக்கும் தறி நிக்குமா கண்ணு?" என்றார். யான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. மெக்காரிசனும் மான்டேரோவும் என் நாவில் வரவில்லை.

அவ்வொரு வினா யான் அதுவரை எழுதிவைத்த குறிப்புக்களிற் பாதியை அடித்துவிட்டது. முழுவுணவுக்கு விலை குறைவு, நேரம் மிகுதி. கொள்ளை இரவே ஊறவைக்க வேண்டும். ஊறாததை வேகவைக்க விறகோ எரிவாயுவோ மிகும். முன்னே அந்நேரத்தைக் கொடுத்தவர்கள் வீட்டிலிருந்த பாட்டிமார். இன்று பனியன் ஆலையிலும் தறிக்கூடத்திலும் இல்லத்தார் அனைவரும் பணி செய்யும் ஊர்களில், ஒடியாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓரறையில் அறுவராய்த் தங்கும் தொழிலாளரிடையே, அந்நேரம் யாரிடத்தில் இருக்கின்றது? அவர்கள் தம் நாட்டிலும் சோயா உருண்டை உண்டு பழகியவர்கள். ஆகவே இங்குள்ள மளிகைக் கடைகளில் அது மூட்டையாய் வந்து இறங்குகின்றது. குமரப்பா ஆலையைக் குறைகூறியபோது ஆலைத்தொழிலாளியைக் குறைகூறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஆயினும் ஒன்றை விட்டுவிடுதற்கில்லை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையவர். பயற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலிற் சேராது. ஊறவைத்தலும் முளைகட்டலும் அதனைத் தடுக்கும் பொருளைக் குறைக்கும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடனுண்டால் மிகுதியாகச் சேரும். உணவோடு தேநீர் பருகினால் குறையும். தறிக்கூடத்தில் உணவும் தேநீரும் ஒரே மூச்சில் முடிகின்றன. இதனைத் தோழரின் தாயாரிடம் அஞ்சி அஞ்சிச் சொன்னேன். "டீயை அரைமணி தள்ளிக் குடிச்சா ஆச்சா? அது ஆகும்" என்றார். கொள்ளை முந்தின இரவு ஊறவைத்துவிட்டால் குக்கரில் விரைவில் வெந்துவிடும் என்று கணக்கிட்டு, ஞாயிறும் புதனும் கொள்ளு, மற்ற நாட்களில் கைக்கு வந்தது என்று அவரே ஒரு திட்டமும் வகுத்தார். அத்திட்டத்தையே யான் விடுதிக்குக் கொண்டுவந்தேன். நூல்களிற் படித்தவற்றுள் எதனையும் அன்று.

சமையற்காரர் முதலில் இசையவில்லை. குதிரைக்கு வைப்பதைப் பிள்ளைகளுக்கு வைப்பதா என்று வருந்தினார். ஐந்தாம் வாரத்துப் புதன்கிழமை முழுக்கொள்ளை அவித்து வெறுமனே தாளித்து வைத்தார். எண்மரில் நால்வரே உண்டனர். ஏனையோர் மென்று தாடை நோவெடுத்ததாகக் கூறினர். ஆறாம் வாரம் தோழரின் தாயார் சொல்லியனுப்பிய முறைப்படி கொள்ளை வறுத்து ஊறவைத்து, சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, மிளகாய் சேர்த்துக் கடைந்து, அவித்த நீரை மிளகிட்டு இரசமாக்கினார். மணம் கூடம் முழுவதும் சென்றது. ஆட்டிறைச்சிக் குழம்பு வாங்கியிருந்த மாணவரிற் சிலரும் கிண்ணத்தை நீட்டினர். எண்மர்க்கென ஆக்கிய கடையல் நோன்பாளர் இருவர்க்கு எட்டவில்லை. அவ்விருவர்க்கும் சமையற்காரர் அவசரமாக மீல்மேக்கரை வெந்நீரில் இட்டார்.